முகத்துக்கு ஒரு பிடி சாமை மாவு

ஜவ்வாது என்றதும் பலருக்கு ஒரு சின்ன டப்பிதான் நினைவுக்கு வரும். அதற்குள் இருக்கும் வாசனைப் பொடியில் ஒரு துளி எடுத்து நெற்றியில் இட்டால் வீடே கமகமக்கும்.

அதே பெயரில் ஒரு மலையும் இருக்கிறது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய 3 மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் இதுவும் ஒன்று. செய்யாறு பிறப்பது இங்கேதான்.

மலை மேலே ஜமுனாமரத்தூர் என்ற ஊர் இருக்கிறது. மலையின் இன்னொரு பக்கத்தில் காவலூர். காவலூரில் வானத்தை ஆராயும் நிலையம் ஒன்று நடக்கிறது. 2.3 மீட்டர் அகலமுள்ள கண்ணாடி பொருத்திய பெரிய தொலைநோக்கி 1986-ம் ஆண்டு முதல் அங்கே இயங்குகிறது.

அந்தக் கண்ணாடி நட்சத்திரங்களின் முகத்தைப் பார்க்கிறது. நம்முடைய முகத்தைப் பார்க்க நம் வீட்டுக் கண்ணாடி போதும்!

அப்படிப் பார்க்கும்போது முகம் மங்கித் தெரிகிறதா? கருமை படர்ந்து, சொரசொரவென்று இருக்கிறதா? கடைக்கு ஓட வேண்டாம். ஜவ்வாது மலையில் விளையும் ஒரு சாதாரணத் தானியமே கை கொடுக்கும். அதன் பெயர் சாமை.

சாமைக்கு வருவதற்கு முன்னால், அதே மலையில் வளர்ந்த ஒரு மரத்தின் கதையைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

சந்தன மலை

ஒரு காலத்தில் ஜவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பெயர் பெற்றது. மலையில் வெட்டிய கட்டைகள் திருப்பத்தூரில் உள்ள அரசாங்கச் சந்தனக் கிடங்குக்கு வந்து சேரும். அங்கே ஏலம் நடக்கும். வியாபாரிகள் தூரதேசங்களிலிருந்தும் கண் வைத்திருந்த சரக்கு அது.

முகத்துக்குச் சந்தனம் பூசுவது நம் நாட்டில் பழைய வழக்கம். கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டையை உரசி, குழைத்துப் பூசினால் முகம் குளிர்ந்து விடும்.

ஆனால் சந்தன மரம் சீக்கிரம் வளருகிற மரம் அல்ல. பக்கத்துச் செடியின் வேரோடு தன் வேரை ஒட்டிக் கொண்டு, அதிலிருந்து சத்தை உறிஞ்சி வளரும். நல்ல வைரம் பாய்வதற்கு 15, 20 ஆண்டுகளாவது வேண்டும். மணம் இருப்பது அந்த வைரத்தில்தான்.

வளர 20 ஆண்டு. வெட்ட ஒரு ராத்திரி!

திருட்டு வெட்டு பெருகியது. மலையில் மரம் குறைந்தது. முன்பெல்லாம் தனியார் நிலத்தில் முளைத்த சந்தன மரமும் அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. 2002-ல் சட்டம் தளர்ந்தது. இப்போது சொந்த நிலத்தில் வளர்க்கலாம். ஆனால் வெட்டுவதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும்.

நல்ல சந்தனம் அருமையாகி விட்டதால், கடையில் விற்கும் "சந்தனப் பொடி" எல்லாம் சந்தனமா என்பது சந்தேகம். மரத்தூளில் வாசனை கலந்தாலும் பெயர் அதுவேதான்!

சிவந்த மரமும் சிந்திய ரத்தமும்

சந்தனம் போன இடத்தில் இன்னொரு மரம் வந்தது. செம்மரம். நாட்டு மருந்துக் கடையில் இதற்கு ரத்த சந்தனம் என்று பெயர். முகப்பூச்சுக்கென்று இதன் பொடியை வாங்குகிறவர்கள் உண்டு.

செம்மரம் இயற்கையாக வளருவது பெரும்பாலும் ஆந்திராவின் தென்பகுதி மலைகளில். திருப்பதியை அடுத்த சேஷாசலம் காடு அதில் முக்கியமானது. உலகில் வேறு எங்கும் இவ்வளவு செம்மரம் இல்லை. இதன் கட்டைகளுக்குச் சீனாவில் பெரிய கிராக்கி. மேசை, நாற்காலி, அலமாரி செய்கிறார்கள். முகப்பூச்சுக்குப் போவது சிறு பங்குதான். ஆனால் மரம் ஒன்றுதானே!

மரம் வெட்டப் பழகிய கைகளைத் தேடித் தரகர்கள் மலைக்கிராமங்களுக்கு வந்தார்கள். நாலு நாள் வேலைக்கு நிறையக் கூலி என்று ஆசை காட்டினார்கள். வறுமையில் இருந்தவர்கள் நம்பிப் போனார்கள்.

2015-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜவ்வாது மலைப் பக்கத்தவர்களும் அதில் இருந்தார்கள்.

மரத்தை விற்றுப் பணம் பண்ணியவர்கள் வேறு. உயிரைக் கொடுத்தவர்கள் வேறு.

அதனால்தான் சாமையின் கதைக்கு மதிப்பு. சாமை ஆண்டுதோறும் விளையும். அறுத்தால் மறு ஆண்டும் முளைக்கும். அதற்காக யாரும் சாக வேண்டியதில்லை.

மலையின் தானியம்

ஜவ்வாது மலையில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர். தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.

இவர்களுடைய முக்கியப் பயிர்களில் சாமையும் ஒன்று. மழையை நம்பி, மலைச் சரிவில் விளையும். புளி, தேன், கடுக்காய் ஆகியவையும் மலையின் செல்வங்கள்.

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தல் என்ற ஊரில், வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் சிறுதானிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சாமையில் புதிய ரகங்களை உண்டாக்கும் வேலை அங்கே நடக்கிறது.

சோறாக்கத்தானே சாமை? முகத்துக்கு எப்படி? அதைப் புரிந்து கொள்ள, தோலைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

தோல் தினமும் உதிர்கிறது

நம் தோல் மேலுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், அது பல அடுக்குகள் கொண்டது. அடியில் புதிய அணுக்கள் பிறந்து கொண்டே இருக்கும். அவை மெல்ல மெல்ல மேலே வரும். மேலே வந்ததும் காய்ந்து, செத்து, உதிரும். வாலிப வயதில் இதற்குச் சுமார் 4 வாரம் ஆகிறது. வயது ஏற ஏற நாள் கூடும்.

உதிர வேண்டியவை சரியாக உதிராமல், எண்ணெய்ப் பிசுக்கோடும் புழுதியோடும் ஒட்டிக் கொண்டால் முகம் மங்கலாகத் தெரிகிறது. அவற்றை இதமாகத் துடைத்து எடுப்பதுதான் தேய்ப்பு மாவின் வேலை. வேறு மந்திரம் எதுவும் இல்லை.

"அதற்குத்தான் சோப்பு இருக்கிறதே!" என்று கேட்கலாம். நம் தோலுக்கு இயற்கையிலேயே லேசான புளிப்புத் தன்மை உண்டு. கிருமிகள் அண்டாமல் காக்கும் கவசம் அது. சாதாரண சோப்பு காரத் தன்மை உள்ளது. அழுக்கோடு சேர்த்துத் தோலின் எண்ணெயையும் எடுத்து விடும். வறண்ட தோல்காரர்களுக்கு முகம் இழுத்துப் பிடித்தது போல் இருப்பது இதனால்தான்.

மாவு அப்படி அல்ல. எண்ணெயை அளவோடு உறிஞ்சிக் கொண்டு, தண்ணீரோடு போய் விடும்.

முதல் முறை: சாமையும் தேனும்

தேவையானவை:
சாமை அரிசி — ஒரு பிடி
தேன் — 1 தேக்கரண்டி
தண்ணீர் — சில சொட்டுகள்

சாமையைக் கல் நீக்கி, கழுவி, நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். மிக்சியில் அரைத்து, முதலில் சல்லடையிலும் பிறகு மெல்லிய வெள்ளைத் துணியிலும் சலிக்க வேண்டும். துணியில் சலிப்பதுதான் முக்கியம். நொய் தங்கினால் தோலைக் கீறி விடும்.

மாவு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை வைத்துத் தேய்க்க வேண்டும். முகப் பவுடர் போல வழுவழுப்பாக இருந்தால் சரி. குத்தினால் மறுபடியும் சலிக்க வேண்டும்.

இந்த மாவில் 2 தேக்கரண்டி எடுத்து, தேனையும் தண்ணீரையும் விட்டு, தோசை மாவுப் பதத்தில் குழைத்துக் கொள்ளலாம். தேன் ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்ளும். அதனால் முகம் வறளாது.

சாமைதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பச்சரிசி மாவையும் இப்படியே சலித்துப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது முறை: பயற்றம் பொடி

கல்யாண வீட்டில் நலங்கு வைப்பது தெரியும் அல்லவா? நலங்கு மாவுக்கு அடிப்படை பச்சைப் பயறுதான். எண்ணெய் வழியும் முகத்துக்கு இது மிகவும் ஏற்றது.

தேவையானவை:
பச்சைப் பயறு — 200 கிராம்
காய்ந்த ரோஜா இதழ் — ஒரு பிடி
வெட்டிவேர் — 10 கிராம்
கஸ்தூரி மஞ்சள் — 10 கிராம்

வெட்டிவேரைக் கத்தரியால் பொடிப் பொடியாக நறுக்கிக் கொள்ள வேண்டும். நீளமாகப் போட்டால் மிக்சியில் சுற்றிக் கொள்ளும். எல்லாவற்றையும் 2 நாள் நிழலில் உலர்த்தி, அரைத்து, துணியில் சலித்து, ஈரமில்லாத பாட்டிலில் மூடி வைக்கலாம்.

எண்ணெய்ப் பசையுள்ள முகத்துக்குத் தண்ணீரிலும், வறண்ட முகத்துக்குப் பாலிலும் குழைத்துக் கொள்ளலாம்.

நாட்டு மருந்துக் கடைகளில் நலங்கு மாவுச் சரக்கு என்று கேட்டால் கார்போகரிசியையும் சேர்த்துத் தருவார்கள். இது வீரியமான மருந்துச் சரக்கு. வெண்புள்ளி நோய்க்கான வைத்தியத்தில் உதவுவது. இதைப் பூசிக் கொண்டு வெயிலில் போனால் தோல் கொப்பளிக்கக் கூடும். வைத்தியர் சொல்லாமல் முகத்துக்கு இதைச் சேர்க்க வேண்டாம்.

மஞ்சளிலும் ஒரு எச்சரிக்கை. நிறம் எடுப்பாகத் தெரிய, ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைப் பூசும் மோசடி உண்டு. பக்கத்து நாடான வங்க தேசத்தில் இந்தக் கலப்படத்தை ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் வெளிப்படுத்தினார்கள். ஈயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடும். பொடியாக வாங்காமல், கிழங்காக வாங்கிக் கழுவி அரைப்பது நல்லது. அளவுக்கு மீறிப் பளபளக்கும் கிழங்கை ஒதுக்கி விட வேண்டும்.

மூன்றாவது முறை: தவிட்டு முடிச்சு

இதுதான் மூன்றிலும் மலிவானது. ஜப்பானியப் பெண்கள் அந்தக் காலத்தில் அரிசித் தவிட்டைச் சின்னத் துணிப் பையில் கட்டி, அதனால் முகம் கழுவுவார்கள். அதையே நாமும் செய்யலாம்.

சாமைத் தவிடு கிடைத்தால் சாமை. இல்லாவிட்டால் அரிசித் தவிடு. பழைய வேட்டித் துணியில் ஒரு பிடி தவிட்டை வைத்து முடிச்சுப் போட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்தால் பால் போன்ற நீர் வரும். அந்த முடிச்சால் முகத்தை ஒற்றி ஒற்றித் துடைக்க வேண்டும். தவிடு துணிக்குள்ளேயே இருப்பதால் தோலில் கீறல் விழாது.

தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. அதனால் சீக்கிரம் சிக்கு நாற்றம் பிடிக்கும். அரைவை மில்லில் புதிதாக வாங்கி, ஓரிரு நாளில் தீர்த்து விட வேண்டும். ஒரு முறை நனைத்த தவிட்டை மறுமுறை வைத்துக் கொள்ளக் கூடாது.

எப்படித் தேய்ப்பது?

முதலில் சோதனை. புதிதாகச் செய்த எதையும் நேரே முகத்தில் பூசக் கூடாது. முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் பூசிக் கழுவி, ஒரு நாள் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது.

ஆகும் என்று தெரிந்தால், முகத்தை நனைத்துக் கொண்டு, விரல் நுனியால் மெல்ல வட்டமாகத் தேய்க்க வேண்டும். பாத்திரம் விளக்குகிற வேகம் வேண்டாம்! கண்ணைச் சுற்றிப் போடக் கூடாது. ஒரு நிமிஷம் போதும். காய்ந்து இறுகும் வரை விடாமல் கழுவி, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவலாம். எண்ணெய் வழியும் முகத்துக்கு அது தேவையில்லை.

வாரத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் 2 முறை. தினமும் தேய்த்தால் தோலின் கவசமே போய் விடும்.

குழைத்த மாவு மிஞ்சினால் கொட்டி விட வேண்டும். ஈர மாவில் பூஞ்சையும் கிருமியும் பெருகும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்ததைப் பூச வேண்டாம். வாயில் போனால் ஆபத்து.

இவை வேண்டாம்

இயற்கையில் கிடைப்பதெல்லாம் நல்லது என்று நினைப்பது தவறு.

எலுமிச்சம் பழச் சாற்றை முகத்தில் தேய்த்துக் கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, கருந்திட்டு விழும்.

சர்க்கரை, உப்பு இவற்றின் குருணைக்கு முனை உண்டு. முகத் தோல் மெல்லியது. கீறி விடும்.

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நன்றாக நுரைக்கும். அவை தலைக்கு நல்லவை. கண்ணில் பட்டால் பொறுக்க முடியாத எரிச்சல். முகத்துக்கு வேண்டாம்.

கடைச் சரக்கிலும் கவனம் தேவை. குழாயில் வரும் முகத் தேய்ப்புக் களிம்புகளில் ஒரு காலத்தில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகளைக் கலந்தார்கள். அவை சாக்கடை வழியே கடலுக்குப் போய், மீன் வயிற்றில் சேர்ந்தன. அமெரிக்கா 2015-ல் இதைத் தடுக்கச் சட்டம் போட்டது. இங்கிலாந்து 2018-ல் தடை செய்தது. சாமை மாவு சாக்கடையில் போனால் யாருக்கும் கெடுதல் இல்லை!

முகப்பரு உள்ளவர்கள் தேய்க்கவே கூடாது. பள்ளிப் பிள்ளைகள் பலர், பரு அழுக்கினால் வருகிறது என்று எண்ணி, பரபரவென்று தேய்க்கிறார்கள். பரு உடைந்து, பரவி, தழும்பாகி விடும். அவர்கள் தண்ணீரால் கழுவினால் போதும். அதிகமானால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வெளுப்பதற்கு அல்ல

கடைசியாக ஒரு உண்மை. எந்த மாவும் கறுப்பைச் சிவப்பாக்காது.

தோலின் நிறம் பெற்றோர் கொடுத்தது. அதைத் தருவது மெலனின் என்னும் பொருள். வெயிலில் இருந்து காப்பாற்றுகிற குடை அது. மேல் அழுக்குப் போனால் முகம் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். வெளுக்க வேண்டும் என்று அழுத்தித் தேய்த்தால், புண்பட்ட இடம் முன்னைவிடக் கறுக்கும்.

வெளுக்க வைக்கும் என்று விற்கும் களிம்புகளை நம்பியவர்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் 2023-ல் சிறுநீரகக் கோளாறோடு ஆஸ்பத்திரிக்கு வந்த சிலரை டாக்டர்கள் விசாரித்தார்கள். முகம் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள் என்று தெரிந்தது. களிம்பைச் சோதித்தார்கள். அதில் பாதரசம் இருந்தது! முகத்தில் பூசியது தோல் வழியே உள்ளே போய், சிறுநீரகத்தைக் கெடுத்து விட்டது.

பெண் கறுப்பு என்று சொல்லிச் சொல்லியே அந்தக் களிம்பை வாங்க வைக்கிறவர்கள் யார்? பெண் பார்க்க வருகிறவர்கள் மட்டும் அல்ல. சில வீடுகளில் பெற்றவர்களும்தான். பிள்ளைகளின் முகத்துக்குச் செய்யக் கூடிய முதல் நன்மை, அந்தப் பேச்சை நிறுத்துவது. இரண்டாவதுதான் மாவு.

ஒரு கிலோ வாங்கினால்...

சந்தனத்துக்கும் செம்மரத்துக்கும் உலகம் ஜவ்வாது மலையைத் தேடி வந்தது. மரமும் போயிற்று, சில வீடுகளில் மனிதர்களும் போனார்கள்.

சாமைக்காகவும் தேனுக்காகவும் தேடிப் போகலாம். மலைக்காரரின் கையில் நேர்மையான காசு சேரும். காடும் நிற்கும்.

ஒரு கிலோ சாமை வாங்கினால் முகத்துக்கு ஒரு பிடி போதும். மிச்சத்தைப் பொங்கலோ உப்புமாவோ செய்து, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடலாம். வயிறு நிறைந்து சிரிக்கிற முகத்துக்கு அதைவிட மெருகு வேறு எங்கே கிடைக்கும்?